மலை சுமந்த இடும்பன்

பெருந்தெய்வங்களின் பிரதாபங்களைப் பாடுவதற்குப் புலவர்களும் புராணங்களும் உண்டு. ஆனால், அத் தெய்வங்களின் வாயிலிலே நின்று, வருவோரை உள்ளே விடுவதையே தம் கைங்கரியமாகக் கொண்ட சிறு தேவதைகளின் சரித்திரத்தை ஏடுகளைக் காட்டிலும் ஜனங்களின் வழக்கமும் நடையுமே பெரும்பாலும் காத்து வந்திருக்கின்றன. கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் பெருவழியில், பொன்மலை வேலாயுதசுவாமியின் கோயிலைத் தாங்கிய சிறு குன்றைத் தன் நடுவிலே கொண்டு விளங்கும் கிணத்துக்கடவில், தை மாதம் பிறந்துவிட்டால், பச்சையும் காவியும் உடுத்து, கழுத்தில் மாலையும் தோளில் காவடியுமாக, 'அரோகரா' என்ற கோஷத்தோடு தெற்கு நோக்கி நடந்து போகும் அடியார் கூட்டத்தைக் காணலாம். பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் ஆகிய ஊர்களைக் கடந்து, சண்முக நதியில் நீராடி, 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் காலால் அளந்து, அவர்கள் போய்ச் சேருமிடம் பழனி. காணப் போவது தண்டாயுதபாணியை. எனினும், அவர்கள் தோளிலே ஏற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காவடியை முதன்முதலில் சுமந்தவன் தேவனும் அல்லன், முனிவனும் அல்லன், நாயன்மார் வரிசையில் வைத்துப் பாடப்பெற்ற அடியவனும் அல்லன். பேருருவமும் பெருவலிமையும் படைத்த ஓர் அசுரன். இடும்பன் என்பது அவன் திருநாமம்.

பழனித் தலபுராணமும் கொங்கு நாட்டுப் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லிவரும் கதையும் இடும்பனுடைய விருத்தாந்தத்தை ஏறக்குறைய ஒரே விதமாகவே கூறுகின்றன. கயிலையில் சிவபெருமானை வழிபட்ட அகத்திய முனிவர், சிவகிரி, சக்திகிரி என்னும் இரண்டு குன்றுகளைத் தென்னாட்டில் வைத்துப் பூசிக்கும் பொருட்டு அப் பெருமானிடம் வரமாகப் பெற்றார். அவற்றைப் பொதிகைக்குக் கொண்டு வருவதற்குத் தக்கவன் யார் என்று ஆராய்ந்தபோது, சூரபன்மனுடைய குலம் போரில் அழிந்த பின்னும் எஞ்சி நின்று, பழைய வாழ்வைத் துறந்து, தம்மையே குருவாக வரித்திருந்த இடும்பனை அவர் தேர்ந்தெடுத்தார். குருவின் ஆணையைத் தலைமேற்கொண்ட இடும்பன், மனைவி இடும்பியோடு வடக்கே சென்று குன்றுகளின் முன்னே நின்றபோது, பிரம தண்டம் தானே வந்து தண்டாக நின்றது. நாகங்கள் தாமே வந்து உறிக்கயிறுகளாக அமைந்தன. இரண்டு மலைகளையும் இருபுறமும் தொங்கவிட்டு, தண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அவன் தென்திசை நோக்கிப் புறப்பட்டான்.

இன்று பழனி என வழங்கும் திருவாவினன்குடிக்கு அருகில் வந்தபோது, அதுவரை அறியாத ஒரு களைப்பு அவனை ஆட்கொண்டது. சுமையை இறக்கி இளைப்பாறிவிட்டு மீண்டும் தூக்கப் பார்த்தான், குன்றுகள் அசையவில்லை. காரணம் தேடிச் சிவகிரியின்மேல் ஏறிப் பார்த்தால், அங்கே கோவணம் தரித்துக் கையில் தண்டு ஏந்திய ஒரு பாலகன் நின்றான். இறங்கிப் போகும்படி இடும்பன் சொன்னதும், இந்த மலை எனக்குரியது என்று பாலகன் மறுத்ததும், சொல் முற்றிப் போராக மூண்டதும், மலையைச் சுமந்த மகா பலசாலி ஒரு சிறு பிள்ளையின் கையால் உயிரற்று விழுந்ததும் கதையின் உச்சமான கட்டம். இடும்பியின் அழுகையையும் அகத்தியரின் பிரார்த்தனையையும் கேட்டு மனமிரங்கிய முருகன் அவனை உயிர்ப்பித்தான். உயிர் பெற்று எழுந்த இடும்பன், தனக்கென்று செல்வமோ அரசோ கேட்கவில்லை. இந்த மலையின் வாயிலிலே காவலாக நிற்கும் பேற்றையும், தன்னைப் போலத் தோளில் காவடி ஏந்தி வருவோர்க்கெல்லாம் அருள் கிட்ட வேண்டும் என்ற வரத்தையுமே வேண்டினான். ஆகையினால்தான் இன்றைக்கும் பழனி மலைப் படிகளில் ஏறுவோர் பாதி வழியில் இடும்பன் சந்நிதியைத் தரிசித்துவிட்டே மேலே செல்லுகிறார்கள். சிவகிரியின்மேல் முருகன் எழுந்தருளியிருக்க, சக்திகிரி இடும்பன் மலை என்ற பெயரோடு எதிரே நிற்கிறது.

பாரதக் கதையில் வரும் இடும்பன் வேறு. அவன் வனத்திலே பீமனோடு பொருது மாண்டான். அவனுடைய தங்கை இடும்பி பீமனை மணந்து கடோற்கசனைப் பெற்றாள். அந்த இடும்பிக்கு இமயச் சாரலில், மணாலி என்னும் ஊரில், 1553-இல் எழுப்பப்பட்ட மரக்கோயில் ஒன்று தேவதாரு வனத்தின் நடுவே இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. வடகோடியில் ஓர் அரக்கியும் தென்னாட்டில் ஓர் அசுரனுமாக, புராணங்களில் பகைக்குலத்தவராகப் பேசப்பட்ட இருவர் ஜனங்களின் நெஞ்சிலே தெய்வங்களாக உயர்ந்திருப்பது இந்த தேசத்தின் சமய வாழ்வைப் பற்றி நாம் ஊன்றிச் சிந்திக்க வேண்டிய ஒரு செய்தியாகும்.

பிற தேசத்துப் புராணங்களோடு ஒப்பு நோக்கினால் இதன் அருமை இன்னும் நன்றாக விளங்கும். ஐரோப்பாவின் வடபகுதியில் வாழ்ந்த நார்ஸ் மக்களின் பழங்கதைகளை, 13-ஆம் நூற்றாண்டில், ஐஸ்லாந்து தீவைச் சேர்ந்த ஸ்நோரி ஸ்டுர்லுசன் என்பவர் எட்டா என்னும் நூலில் தொகுத்து வைத்தார். அதிலே பெயர் கூடச் சொல்லப்படாத ஓர் அசுரன் வருகிறான். தேவர்களுடைய நகரத்துக்கு உறுதியான மதில் கட்டித் தருவதாகவும், கூலியாக பிரேயா என்னும் தேவியையும் சூரிய சந்திரர்களையும் தர வேண்டும் என்றும் அவன் பேசி, தன் குதிரை ஒன்றின் துணையோடு இரவு பகலாகப் பெரும் பாறைகளை இழுத்து வந்து கட்டுகிறான். குறித்த கெடுவுக்குள் வேலை முடிந்துவிடும் என்று கண்டதும், தேவர்கள் சூழ்ச்சி செய்து அவன் குதிரையை அப்பால் இழுத்துவிடுகிறார்கள். அவன் சினந்து, அசுரன் என்ற உண்மை வெளிப்பட்டபோது, தோர் என்னும் தேவன் தன் சம்மட்டியால் அவன் தலையைப் பிளந்துவிடுகிறான். கிரேக்க நாட்டுக் கதையிலும், விண்ணை எட்டுவதற்காக மலைமேல் மலையை அடுக்க முனைந்த ஓட்டஸ், எபியால்டஸ் என்னும் இரு பேருருவச் சகோதரர்கள் மாண்டே போகிறார்கள். பாறை சுமந்தவனும் மலை தூக்கியவனும் அந்த நாடுகளில் அழிவோடு முடிந்துவிட, நம் நாட்டிலோ மலை சுமந்தவன் மாண்டு, மீண்டு, தன்னை வென்ற தெய்வத்துக்கு முன்னே வணங்கப்படும் பெருமையை அடைந்துவிட்டான். அவன் உழைப்பு வீண் போகவில்லை. அவன் செய்த காரியமே வழிபாடாகிவிட்டது.

இங்ஙனம் ஒரு சுமைகாரன் தெய்வமாவதற்கு ஏற்ற நிலம் எது என்று ஆராய்ந்தால், காவடி என்னும் கருவியின் பழைய வரலாற்றையே நாம் நாட வேண்டியிருக்கிறது. இரு முனைகளிலும் பாரம் தொங்க, நடுவே தோள் கொடுத்துச் சுமக்கும் தண்டு, கோயிலுக்கென்று ஏற்பட்ட பொருள் அன்று; அது உழைப்பாளியின் அன்றாடக் கருவி. சங்க காலத்துப் பாணர்கள் தம்முடைய யாழையும் முழவையும் இத்தகைய காவிலே கட்டித் தோளில் இட்டு, வள்ளல்களைத் தேடிக் காடும் மலையும் கடந்தார்கள் என்பதைப் புறநானூற்றால் அறிகிறோம். நீர் சுமந்தவனும், தயிரும் பாலும் விற்கப் போனவனும், சந்தைக்கு விளைபொருள் கொண்டு போனவனும் இதையே தோளில் ஏற்றினார்கள். கண்ணிழந்த பெற்றோரைக் காவடியில் வைத்துச் சுமந்த சிரவணன் கதை இராமாயணத்தோடு சேர்ந்து வழங்குகிறது. வடநாட்டில் கங்கை நீரைக் காவடியில் எடுத்துச் சென்று சிவலிங்கத்துக்கு அபிஷேகம் செய்யும் பக்தர்கள் ஆடி ஆவணி மாதங்களில் பெருந்திரளாக நடக்கிறார்கள். வண்டியும் செல்லாத ஒற்றையடிப் பாதைகளில் மனிதனுடைய தோளே வாகனமாக இருந்த காலத்தின் நினைவு, இந்தத் தண்டிலே படிந்து கிடக்கிறது. அந்தத் தண்டைச் சுமந்தவனுக்குச் சமூகத்தில் பெரிய மதிப்பு இருந்ததில்லை. ஆனால், அதே தண்டு இடும்பனுடைய கதையினாலே புனிதம் பெற்ற பிறகு, நிலக்கிழாரும் வணிகரும் அதிகாரம் படைத்தவரும் தம்முடைய தோளை அதற்குத் தாமே கொடுக்கத் தலைப்பட்டார்கள். இடும்பன் செய்த பேருபகாரம் இதுவே என்பது என் துணிபு: சுமப்பது இழிவு என்று எண்ணிய உலகத்தில், சுமப்பதையே அருளுக்கு வழியாக அவன் ஆக்கிவிட்டான்.

பழனியோ கொங்கு நாட்டுக்குப் புறத்தே உள்ள ஊர் அன்று. இராஜாங்கப் பிரிவுகள் மாறி மாறி அமைந்து, அது மதுரை மாவட்டத்தில் இருந்து, 1985-க்குப் பிறகு திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. ஆயினும், பழைய கொங்கு மண்டலத்தை 24 நாடுகளாகப் பகுத்துச் சொல்லும் மரபில் திருவாவினன்குடிப் பகுதியும் ஒரு நாடாக எண்ணப்பட்டே வந்திருக்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனும், மயிலுக்குப் போர்வை அளித்தவனுமாகிய பேகன் அந்த மலைநாட்டைச் சங்க காலத்தில் ஆண்டவன். நக்கீரருடைய திருமுருகாற்றுப்படையில் ஆறுபடை வீடுகளுள் மூன்றாவதாகப் போற்றப்படுவதும் அந்தத் திருவாவினன்குடியே. இத்தனை தொன்மை உடைய க்ஷேத்திரத்தோடு கொங்கு மக்கள் கொண்ட உறவு, யாத்திரிகர் ஒரு புண்ணிய ஸ்தலத்தோடு கொள்ளும் உறவினும் நெருக்கமானது. தம் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போய்வருவது போன்ற உரிமை அதிலே இருக்கிறது. குழந்தைக்கு முதல் முடி இறக்குவதும், விளைந்த வெள்ளாமையில் ஒரு பங்கைக் காணிக்கையாக எடுத்து வைப்பதும், நோய் தீர்ந்தால் காவடி எடுப்பதாக நேர்ந்துகொள்வதும் இந்த நாட்டுக் குடியானவர் வீடுகளில் பரம்பரை வழக்கம்.

நேர்த்திக்கு ஏற்பக் காவடியும் பல வகைப்படும். பால் காவடி, பன்னீர்க் காவடி, புஷ்பக் காவடி, மயிற்பீலி கட்டிய மயில் காவடி, சர்க்கரைக் காவடி, தீர்த்தக் காவடி என்று அவை பெயர் பெறும். விரதம் இருந்து மாலை அணிந்தவர்கள், புறப்படுவதற்கு முன்னால் காவடியை அலங்கரித்து நிறுத்தி, அதற்கு இடும்பன் பூசை செய்வது பல ஊர்களில் நியதியாக இருக்கிறது. பம்பையும் உறுமியும் முழங்க, காவடியைத் தோளில் ஏந்தி, கையால் பற்றாமல், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சுழல விட்டு ஆடும் ஆட்டம், பாரத்தையே ஆனந்தமாக்கும் ஒரு கலையாக வளர்ந்தது. அந்த ஆட்டத்தின் தாளத்துக்கு இசைந்த மெட்டுகளைக் கொண்டு 19-ஆம் நூற்றாண்டில் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் காவடிச்சிந்து பாடினார். வழிநடைச் சிரமம் தெரியாதிருக்க நடப்போர் பாடிய பாட்டின் சாயல், புலவர் ஒருவருடைய வாக்கிலே ஏறித் தமிழ் இலக்கியத்தில் நிலையான இடத்தைப் பெற்றது.

காவடியின் மூலமாகப் பழனியோடு பந்தம் பூண்ட சமூகங்களும் பல. செட்டிநாட்டு நகரத்தார்கள் 17-ஆம் நூற்றாண்டு முதலாகத் தைப்பூசத்தை ஒட்டிச் சர்க்கரைக் காவடிகளோடும் வேலோடும் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து செல்கிறார்கள். வாணிபத்தின் பொருட்டுப் பழனிக்கு வந்த அவர்களுடைய முன்னோர் தொடங்கிய வழக்கத்தை, வங்கியும் ஆலையும் நடத்தும் இந்தத் தலைமுறையினரும் விடாமல் காத்து வருகிறார்கள். சேலம் மாவட்டத்து எடப்பாடியிலிருந்து வரும் பருவதராஜகுலத்தார், தைப்பூசத்துக்குப் பின்னர்த் தம் காவடிகளோடு மலை ஏறி, மலைமேலேயே பெருமளவில் பஞ்சாமிர்தம் தயாரித்து, அங்கேயே இரவு தங்கும் தனி உரிமை உடையவர்கள். பங்குனி உத்திரத்தின்போதோ, கொங்கு நாட்டு ஊர்களிலிருந்து புறப்படும் அன்பர்கள், கொடுமுடியில் காவிரி நீரை முகந்து, தீர்த்தக் காவடியாகத் தோளில் ஏற்றிச் சென்று, வெயில் முதிரத் தொடங்கும் அந்தக் காலத்தில் தண்டாயுதபாணியின் திருமேனி குளிர அபிஷேகம் செய்விக்கிறார்கள். காவிரிக்கரைக் குடியானவன் தன் வயலுக்குப் பாயும் ஆற்றின் நீரையே மலைமேல் நிற்கும் தெய்வத்துக்குத் தோளால் கொண்டு போய்ச் சேர்ப்பதைக் காட்டிலும் பொருள் செறிந்த வழிபாடு ஒன்று இருக்க முடியுமா?

இடும்பனுக்கு உரிய இடமும் பழனியோடு நின்றுவிடவில்லை. கோயமுத்தூருக்கு மேற்கே உள்ள மருதமலையிலும், ஈரோட்டுப் பக்கத்துச் சென்னிமலையிலும் படிவழியில் இடும்பன் சந்நிதிகள் உள்ளன. அங்கெல்லாம் அவனுக்குத் தேர் இல்லை, கொடியேற்றம் இல்லை. ஏறுகிற வழியில் நின்று, மூச்சு வாங்க நிற்போரை ஏற்றுக்கொண்டு, மேலே அனுப்பி வைப்பதே அவன் பணி. உச்சியில் உள்ள தெய்வத்தின் சந்நிதியில் நாம் நம் குறைகளை விண்ணப்பிக்கிறோம். இடைவழியில் உள்ள இடும்பன் சந்நிதியில் நம் களைப்பை இறக்கி வைக்கிறோம். மலைமேல் கோயில் கொண்ட முருகனுக்கு, மலையையே சுமந்த ஒருவன் வாயில் காப்போனாக வாய்த்தது எவ்வளவு பொருத்தம்!

காலம் மாறி வாகனங்கள் பெருகின. 1915-இல் போத்தனூரிலிருந்து கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சிக்கு இருப்புப்பாதை வந்தது. 1928-இல் அது பழனி வழியாகத் திண்டுக்கல்லோடு இணைந்தது. நாள்கணக்கில் நடந்து கடந்த வழியைச் சில மணி நேரத்தில் கடக்கும் வசதி, இவ்வாறு கிணத்துக்கடவு வட்டாரத்துக் குடியானவனுக்கு வாசலிலேயே வந்து வாய்த்தது. பின்னர்ப் பேருந்துகள் வந்தன. 1966-இல் மலை ஏறுவதற்கு இழுவை ரயிலும், 2004-இல் கம்பிவட ஊர்தியும் ஏற்பட்டன. முதியோரும் நோயுற்றோரும் இவற்றால் பெற்ற நன்மை பெரிது. ஆயினும், ரயில் வந்த பிறகும் பேருந்து வந்த பிறகும் காவடி எடுத்தவன் நடப்பதை நிறுத்தவில்லை என்பதே நம் சிந்தனைக்கு உரியது. சேருமிடத்தை மாத்திரம் நாடியவனாக அவன் இருந்திருந்தால், விரைவான வாகனம் வந்த அன்றே நடை ஒழிந்திருக்கும். அவன் நாடியதோ சுமத்தலை. வழியும் அதில் படும் வருத்தமும் அவனுடைய நேர்த்தியின் அங்கங்கள். அவற்றை நீக்கிவிட்டால் இடும்பன் நடந்த வழியில் தானும் நடந்தேன் என்று சொல்லும் தகுதி அவனுக்கு இல்லாது போய்விடும்.

இந்த உண்மை கடல் கடந்த தமிழர்களின் வாழ்க்கையில் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 19-ஆம் நூற்றாண்டில் மொரீஷியஸுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கென்றும், மலாயாவுக்குக் காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கென்றும் கப்பலேறிப் போன தமிழர்கள், பெரும்பாலும் தம் தோளையும் கைகளையும் தவிர வேறு முதல் இல்லாதவர்கள். அவர்கள் சென்ற இடமெல்லாம் காவடியும் சென்றது. கோலாலம்பூருக்கு அருகில் உள்ள பத்துமலைக் குகையில், தம்புசாமிப் பிள்ளை என்பவருடைய முயற்சியால் 1891-இல் முருகன் கோயில் ஏற்பட்டது. அங்கே குகை வாயிலுக்கு ஏறும் 272 படிகளிலும் தைப்பூசத்தன்று காவடிகள் அலையலையாக ஏறுவதை உலகம் வியந்து பார்க்கிறது. 2006-இல் அந்தப் படிகளின் அடியில் 140 அடி உயரமுள்ள முருகன் திருவுருவம் நிறுவப்பட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள், காவடி எடுத்தவர்கள் இடும்பன் பூசை செய்து, தம்முடைய விரதத்தை நிறைவு செய்யும் வழக்கம் உண்டு. எஜமானனுடைய கட்டளைக்காகச் சுமந்த தோள்கள், ஆண்டில் ஒரு நாளாவது தாமே விரும்பி ஏற்ற பாரத்தைச் சுமந்து, அந்தச் சுமையின் மூலமாகத் தம் மதிப்பைத் தமக்கே உறுதி செய்துகொண்டன. அந்த ஏழை மக்கள் தம் இன்பதுன்பங்களை அறிந்த தெய்வமாக இடும்பனை எண்ணியதிலே வியப்பு என்ன இருக்கிறது?

பெரிய கோயில்களின் கல்வெட்டுகளைப் படியெடுத்து அச்சிட்டு வைத்திருக்கிறோம். அரசர்களுடைய கொடைகளை ஆண்டு வாரியாக அறிந்திருக்கிறோம். ஆனால், கிணத்துக்கடவு முதலான கொங்கு நாட்டு ஊர்களில் காவடி கட்டும் முறை, வழிநடையில் பாடும் பாட்டு, தங்கும் சாவடிகள், நடப்போர்க்கு மோரும் நீரும் வார்த்த அறங்கள், இடும்பன் பூசையின்போது பெரியவர்கள் சொல்லும் சொற்கள் ஆகியவை இன்னும் பெரும்பாலும் ஞாபகத்திலேதான் வாழ்கின்றன. அவற்றை அறிந்த முதியோர் இருக்கும்போதே ஊர்தோறும் சென்று கேட்டு எழுதி வைப்பது, நம் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் மேற்கொள்ளத் தக்க சிறந்த தொண்டு. அரசர்களின் சரித்திரம் ஒரு நாட்டின் வெற்றி தோல்விகளை உணர்த்தும். சுமந்தவர்களின் சரித்திரமோ அந்த நாடு எவருடைய தோளின்மேல் நின்றது என்பதை உணர்த்தும். தோற்றுப்போன ஓர் அசுரனை அழியவிடாமல், அவன் உழைப்பைப் போற்றி, தெய்வத்துக்கு முன்னே அவனுக்கு முதல் வணக்கத்தை வகுத்துத் தந்த நம் முன்னோர், உழைப்பவனை மதித்தல் வேண்டும் என்ற தர்மத்தையும் அதனோடு சேர்த்தே நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள். மலைப் படிவழியில் இடும்பனைக் கைகூப்பி வணங்குகிற நாம், நம் வயலிலும் ஆலையிலும் சந்தையிலும் பாரம் சுமக்கிற மனிதருக்கும் அதே மதிப்பைத் தருவோமானால்தான் அந்த வணக்கம் நிறைவு பெறும்.